தலையில் தட்டும் காகம், பாய்ந்து வரும் பருந்து: மதுரையில் என்ன செய்யலாம், யாரைப் பார்க்கலாம்

சித்திரை பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் மதுரையில் மரம் உள்ள தெருக்களில் இந்தத் தொல்லை வந்துபோகும். வாசலைத் தாண்டியதும் பின்னந்தலையில் படீரென்று ஓர் அடி விழும். திரும்பிப் பார்த்தால் காகம் மின்கம்பியில் உட்கார்ந்து அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராக இருக்கும். எங்கள் வாசல் வேம்பில் காகம் கூடு கட்டிய கோடையில், யாரிடம் சொல்வது, எங்கே மனுக் கொடுப்பது, காயம் பட்டால் என்ன ஊசி போடுவது என்று எதுவும் தெரியாமல் வீடே அலைந்தது. அம்மா கோலம் போட வெளியே வருவதை நிறுத்திவிட்டார். பால் போடுபவர் தெருமுனையில் நின்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். இந்தச் சிக்கலில் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஏறத்தாழ இரண்டு மாதத் தொல்லை. கூட்டைக் கலைக்க ஆள் தேடுவதில் செலவழிக்கும் நேரத்தையும் பணத்தையும் அந்த இரண்டு மாதத்தைக் காயமின்றிக் கடப்பதில் செலவிடுங்கள்.

1. கூடு எங்கே என்று பாருங்கள்

பறவை காரணமில்லாமல் தாக்குவதில்லை. பக்கத்தில் கூடு இருக்கும், அல்லது பறக்கத் தெரியாத குஞ்சு தரையில் இருக்கும், அல்லது அதன் இனத்துப் பறவை ஒன்று அங்கே செத்துக் கிடக்கும். காலை ஆறு மணிக்கு மேல், நான்கைந்து வீடு தள்ளி ஓர் இடத்தில் அசையாமல் நின்று பாருங்கள். வாயில் எதையோ வைத்துக்கொண்டு ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும் காகம் கூட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். வேம்பு, புங்கை, வாகை, தென்னை ஆகியவற்றைத் தவிர தெருவிளக்குக் கம்பம், மின்கம்பம், செல்போன் கோபுரம் ஆகிய இடங்களையும் பாருங்கள். நகரத்துக் காகம் சுள்ளியோடு இரும்புக் கம்பித் துண்டுகளையும் சேர்த்துக் கூடு கட்டும்.

அடுத்து எல்லையைக் கண்டுபிடியுங்கள். குடையை விரித்துப் பிடித்தபடி தெருவில் ஒருமுறை நடந்தால், எந்த வீட்டு வாசலில் துரத்தத் தொடங்குகிறது, எங்கே விட்டுவிடுகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் சில வீடுகள் தூரம்தான் இருக்கும். இந்த எல்லை தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அடிப்பதற்கு முன் காகம் எச்சரிக்கிறது. எங்கள் காகம் முதலில் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொள்ளும். வழக்கமான கரைதல் நின்று, தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வரும். அலகைக் கிளையில் கொத்தும். சுள்ளியை ஒடித்துக் கீழே போடும். அப்போதே எதிர்ப்பக்கம் போய்விட்டால் அடி விழாது. அதைக் கவனிக்காமல் முதுகைக் காட்டியவர்கள்தான் அடி வாங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். காகம் தலையில் தட்டினால் சனி பிடித்துவிட்டது, வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று யாராவது வந்து சொல்வார்கள். எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம், ‘நம்ம தலையைத் தொட்டுட்டுப் போனால் சும்மாவா? உடனே ஒரு பரிகாரம் செய்துவிடுங்கள் அம்மா’ என்று உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். கோயிலுக்குப் போய் எள் தீபம் ஏற்றி மனம் நிம்மதியடைந்தால் நல்லது, போய் வாருங்கள். ஆனால் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பரிகாரச் செலவு சொல்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அதே காகம் அதே வாரத்தில் தெருவில் போகிற எல்லோரையும்தான் தட்டியிருக்கிறது. வயதானவர்களை மாடிக்கு அழைத்துப்போய்த் தூரத்திலிருந்து கூட்டைக் காட்டுங்கள். அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது.

2. எந்தப் பறவை, எத்தனை நாள்?

காகம்: ஏப்ரல் முதல் ஜூலை வரை இதன் முக்கியக் காலம். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் சுள்ளி பொறுக்குவதைப் பார்க்கலாம். மூன்றிலிருந்து ஐந்து முட்டை இடும். பதினாறு பதினேழு நாளில் குஞ்சு பொரியும். பிறகு மூன்று நான்கு வாரம் குஞ்சு கூட்டில் இருக்கும். கூட்டை விட்டு இறங்கிய பிறகும் சில வாரம் தாய் தகப்பன் ஊட்டும். முட்டை இருக்கும்போது மிரட்டல்தான் அதிகம். குஞ்சு பெரிதாகி, கிளைக்குக் கிளை தத்தித் தரையில் விழும் அந்த இரண்டு மூன்று வாரம்தான் கடுமையானது. மதுரையில் பல தெருக்களில் அது பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது. பிள்ளைகளை முன்கூட்டியே தயார் செய்யச் சொல்வது அதனால்தான். அந்தக் கூட்டில் இருப்பது குயில் குஞ்சாகவும் இருக்கலாம். குயில் பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் முட்டையிடுகிறது. அந்தக் குஞ்சுக்காகவும் காகம் இதே வேகத்தில்தான் பாயும்.

பருந்து: ஜனவரி, பிப்ரவரியில் கூடு கட்டத் தொடங்கி மே மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். முட்டை பொரிய ஒரு மாதம், குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம். உயரமான மரத்திலோ கோபுரத்திலோ கூடு இருக்கும். ஆகவே தெருவில் நடப்பவரை விட, அந்த உயரத்துக்கு நெருக்கமான மொட்டைமாடியில் நிற்பவரைத்தான் தாக்கும். நகம் கூர்மையானது, சிறு கீறலோடு போவதில்லை. கூடு கண்ணுக்குத் தெரியும் மாடியில் அந்த மாதங்களில் துணி காயப்போடுவதை விட்டுவிடுங்கள். நெல்பேட்டை போல இறைச்சிக் கடைகள் நிறைந்த பகுதியில் பருந்து பாய்வது வேறு விஷயம். அங்கே அது வருவது கையில் உள்ள பொட்டலத்துக்காக. மெல்லிய பிளாஸ்டிக் பையில் கறியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மூடியுள்ள தூக்குவாளியோ ஜிப் வைத்த பையோ போதும்.

கரிச்சான்: இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். உடம்பு சிறியது, துணிச்சல் பெரியது; காகத்தையும் பருந்தையும் விரட்டியடிக்கும். முட்டையும் குஞ்சும் சேர்த்து ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தொப்பி போதும்.

ஆள்காட்டி: வண்டியூர் கண்மாய்க் கரை, மாடக்குளம் பக்கத்து வயல்கள், புறநகரில் காலியாகக் கிடக்கும் மனைகள் ஆகிய இடங்களில் இதைப் பார்க்கலாம். கத்திக்கொண்டே தலைக்கு மேல் தாழ்ந்து வரும்; பெரும்பாலும் தொடாது. இங்கே ஆபத்து உங்களுக்கில்லை, முட்டைக்குத்தான். கூழாங்கற்களுக்கு நடுவே வெறும் தரையில், கல்லைப் போன்ற நிறத்தில் முட்டை கிடக்கும். அது கத்த ஆரம்பித்ததும் நின்று, தரையைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

3. அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்றால்

குடை. இதைவிட நல்லது எதுவும் இல்லை. வாசலில் எப்போதும் ஒன்று சாய்த்து வையுங்கள். எல்லைக்குள் நுழையும் முன்பே விரித்துவிடுங்கள். அடி விழுந்த பிறகு அவசரமாக விரிப்பதில் பயனில்லை. கையில் குடை இல்லையென்றால் புத்தகப் பையையோ முறத்தையோ தலைக்கு மேல் பிடிக்கலாம்.

ஓடாதீர்கள். காகம் பின்னாலிருந்துதான் தாக்கும். ஓடுகிறவர் முதுகையும் பின்னந்தலையையும் காட்டிக்கொண்டே போகிறார். அதைப் பார்த்தபடி, நிதானமாக, சுவர் ஓரமாக நடந்து கடந்துவிடுங்கள். கண்ணாடி அணியுங்கள், சாதாரண வெயில் கண்ணாடி போதும். இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். சைக்கிளில் வரும் பிள்ளைகள் அந்த நான்கு வீட்டுத் தூரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். பறவையின் அடியை விட, கையை வீசித் தடுமாறி விழுவதில்தான் பெரிய காயம் வரும். எங்கள் தெருவில் அலகு பட்டுக் கீறியவர்கள் பலர். ஆனால் கட்டுப் போட வேண்டியிருந்தது வண்டியோடு விழுந்த பையனுக்குத்தான்.

கல்லெறிவது, கம்பைச் சுழற்றுவது, பட்டாசு வெடிப்பது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். காகம் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பறவை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முகமூடியை அணிந்து காகங்களைப் பிடித்து, பிறகு விடுவித்தார்கள். அதே முகமூடியோடு யார் வந்தாலும் காகங்கள் பல ஆண்டுகள் கழித்தும் கூடி விரட்டின. அது நம் ஊர்க் காகத்தின் உறவினம்தான். கல்லெறிந்த பையனை எங்கள் காகமும் தனியாகத் தேடித் துரத்தியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு சின்ன வேலை மிகவும் உதவியது. அட்டையில் ‘மேலே காகக் கூடு இருக்கிறது, எதிர்ப்பக்கமாக நடக்கவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, எல்லையின் இரு முனையிலும் கட்டினோம். தெருக்காரர்களுக்கு விஷயம் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவருக்கும் தபால்காரருக்கும் தெரியாது. அவர்கள் இரண்டு கையிலும் பொருளோடு வருகிறவர்கள்.

4. காயம் பட்டால்

உடனே குழாய் நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். பறவைகளால் வெறிநோய் பரவாது, பாலூட்டிகளால்தான் பரவும். ஆகவே நாய்க்கடிக்குப் போடும் ஊசி தேவையில்லை. யாராவது அதைப் போடச் சொன்னால் மருத்துவரிடம் பறவை கீறியது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தேவைப்படுவது டெட்டனஸ் ஊசி. கடைசியாகப் போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது, அல்லது நினைவே இல்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனையிலோ செலவில்லாமல் போடுவார்கள். புறநோயாளிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதைப் பின்னால் மனுவோடு இணைக்கலாம்.

கண்ணில் பட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். தேய்க்காமல், எந்தச் சொட்டு மருந்தும் விடாமல், அதே நாளில் கண் மருத்துவரிடம் போங்கள். இராசாசி மருத்துவமனையின் கண் பிரிவும் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிற ஊர் இது. விடிந்தபின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் காரணமே இல்லை.

5. மொட்டைமாடியும் அமாவாசைச் சோறும்

வடகமும் வற்றலும் போடும் காலமும் காகம் கூடு கட்டும் காலமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. கூட்டுக்கு நேர் எதிரான மாடியில் காயப்போடாமல் வேறு வீட்டு மாடியைக் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் நிழல்வலையை நான்கு மூலையிலும் கட்டி, அதற்கடியில் வேலை செய்யுங்கள். தோட்டப் பொருள் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அடுத்த கோடைக்கும் ஆகும்.

காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. இடத்தை மட்டும் மாற்றுங்கள். கூடு இருக்கும் பக்கத்துச் சுவரில் வைக்காமல் வீட்டின் பின்பக்கச் சுவரில் வையுங்கள். வைத்துவிட்டு அங்கே நின்று கூப்பிடாமல் இறங்கிவிடுங்கள். மீன் கழுவிய கழிவையும் கோழிக் கழிவையும் வாசலில் திறந்து வைக்கவே கூடாது. அது தெருவுக்கு இன்னும் பத்துக் காகத்தைச் சேர்க்கும்.

6. குஞ்சு தரையில் கிடந்தால்

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். இறகு முளைத்து, வால் குட்டையாக, வாயைத் திறந்தால் உள்ளே சிவந்து தெரியும் குஞ்சு தத்தித் தத்திப் போகிறதென்றால், அது அநாதையில்லை. பறக்கப் பழகுகிறது. மேலே தாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்ச் சோறு ஊட்டாதீர்கள். அந்தக் காகங்கள் உங்கள் வாசலை விட்டு நகராது.

வண்டி போகிற இடத்தில் கிடந்தால் மட்டும் நகர்த்துங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குடையை விரித்துப் பிடிக்க, மற்றவர் பழைய துண்டைப் போட்டுக் குஞ்சை மெல்ல மூடி எடுத்து, அதே மரத்தின் தாழ்ந்த கிளையிலோ மதில்மேலோ வைத்துவிட்டு உடனே விலகிவிட வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. குஞ்சு தரையை விட்டு ஏறியதுமே தெருவில் தாக்குதல் பாதியாகக் குறைந்துவிடும்.

செத்த காகம் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். காகக் கூட்டம் கலையும் வரை காத்திருந்து மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லுங்கள். ஒரே நாளில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கால்நடைத் துறைக்குக் கட்டாயம் தெரிவியுங்கள்.

7. கூட்டைக் கலைக்கலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குள் காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும் அடங்கும். காகத்துக்கு இது பொருந்தாது என்று மரம் வெட்டுகிறவர்கள் இன்னும் சொல்கிறார்கள். முன்பு காகம் தீங்குயிர்ப் பட்டியலில் (கொல்லத் தடையில்லாத உயிரினங்களின் பட்டியல்) இருந்தது என்பதால் வந்த பேச்சு அது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது; 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை மீறினால் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்களிடம் கூட்டோடு கிளையை இறக்க இரண்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். கொடுத்திருந்தால் பணமும் போய், வழக்கும் எங்கள் பெயரில்தான் வந்திருக்கும்.

சோற்றில் மருந்து கலந்து வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதை நாயும் பூனையும் தின்னும். அதைத் தின்று செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும்.

8. யாருக்கு மனு, என்னென்ன இணைக்க வேண்டும்

ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். மரமா, கம்பமா, பறவையா என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் வழி பிறந்தது.

கூடு மின்கம்பத்திலோ மின்மாற்றியிலோ இருந்தால் மின்வாரியம். மின்னகம் எண் 94987 94987, எந்த நேரத்திலும் புகார் பதிவு செய்வார்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அது இல்லாமல் தெருப்பெயரை மட்டும் சொன்னால் ஆள் வந்து தேட வேண்டியிருக்கும். கம்பித்துண்டு உரசி மின்தடை ஏற்படும் ஆபத்து உண்டு என்பதால் இதை விரைந்து கவனிப்பார்கள். நீங்கள் கம்பு வைத்துத் தட்டிவிட வேண்டாம், உயிர் போகும்.

தெருவோர மரம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். மதுரையில் 5 மண்டலம், 100 வார்டு. உங்கள் வார்டு எண் சொத்துவரி ரசீதில் இருக்கும். பொது இடத்து மரத்தை முழுவதும் அகற்றக் கேட்டால் அது ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு வரை போகும். அதற்கு ஆசைப்படாதீர்கள், நிழலும் போய்விடும்.

பருந்து தொடர்ந்து காயப்படுத்தினாலோ, அடிபட்ட பறவை கிடந்தாலோ மாவட்ட வன அலுவலகம். கூட்டை அகற்ற அனுமதி கேட்டால் அது தலைமை வன உயிரினக் காப்பாளர் மட்டத்து முடிவு. பதில் வருவதற்குள் குஞ்சு பறந்திருக்கும்.

எங்கும் நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது 1100 என்ற முதல்வர் உதவி எண். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம். இணைக்க வேண்டியவை: ஆதார் நகல், சொத்துவரி ரசீது நகல் (வாடகை வீடு என்றால் ஏதாவது ஒரு முகவரிச் சான்று), கூடும் தெருவும் ஒன்றாகத் தெரியும் படம், காயத்தின் படம், மருத்துவமனைச் சீட்டின் நகல், அண்டை வீட்டார் கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கி வையுங்கள்.

மனுவில் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். ‘கூட்டை அகற்றுக’ என்று எழுதினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். நாங்கள் இரண்டாம் முறை இப்படி எழுதினோம்: ‘இப்போது மரத்தைக் கழிக்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை ஒன்று வைக்கவும். குஞ்சு பறந்தபின், ஆகஸ்ட் மாதத்தில், நடைபாதைக்கு மேல் தாழ்ந்து வரும் கிளைகளை மட்டும் கழித்துத் தரவும்.’ செய்யக்கூடிய வேலை என்பதால் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

9. கிளை கழிக்கும் காலம்

ஆகஸ்டு, செப்டம்பர் மிகப் பொருத்தம். கூடு காலியாகியிருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மாநகராட்சியும் மின்வாரியமும் கிளை கழிக்கும் வேலையை எப்படியும் எடுப்பார்கள். அதைத் தவறவிட்டால் தை, மாசி. பங்குனி தாண்டினால் விட்டுவிடுங்கள். சொந்த வீட்டு மரம் என்றாலும் இதே காலம்தான். ஆளை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கிளையையும் நிமிர்ந்து பாருங்கள், புறாவோ அணிலோ கூடு வைத்திருக்கும். தெருவுக்கு மேலே நீளும் கிளையையும், கூடு தாங்கிய கவட்டையும் குறைத்தால் போதும். மரத்தின் உச்சியும் வீட்டின் எதிர்ப்பக்கக் கிளைகளும் அப்படியே இருக்கட்டும். அடுத்த சித்திரையில் காகம் அந்தப் பக்கம் கட்டினால், ஆள் நடக்கும் பாதையிலிருந்து கூடு தள்ளிப் போய்விடும். எங்கள் வேம்பில் மறுவருடம் கூடு மதிலுக்கு அந்தப் பக்கம், காலி மனைக்கு மேலேதான் இருந்தது.